குலீனா வழி வந்தவை

சமையல் தொடர்பான எதையும் கொஞ்சம் மிடுக்காகச் சொல்ல ஆங்கிலத்தில் ‘கலினரி’ என்பார்கள். பட்டப்படிப்பு, போட்டி, சுற்றுலா என எதன் முன்னாலும் போய் நின்றுகொள்ளும். பூர்விகம் என்னவோ கரிபடிந்த அடுப்படிதான்.

லத்தீனில் அடுப்படிக்குப் பெயர் ‘குலீனா’. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிப்போட்ட பாம்பேய் நகரில் அதைப் பார்க்கலாம். அங்கே வெட்டியர்கள் வீடு என்று ஒரு பணக்கார வீடு இருக்கிறது. விருந்தினர் வரும் அறைகளில் சுவரெல்லாம் ஓவியம். சமையற்கட்டோ ஒரு சிறிய அறை. கல்லும் காரையுமாகக் கட்டிய மேடைமேல் கரி நெருப்பு, அதில் இரும்பு முக்காலி, அதன்மேல் வெண்கலப் பாத்திரம். தோண்டியபோது பாத்திரங்கள் அடுப்பிலேயே இருந்தன. நகரின் பல வீடுகளில் கழிப்பிடமும் சமையற்கட்டை ஒட்டியே இருந்தது. அந்தப் புகையில் வெந்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். செத்தவர்களுக்கான படையலை எரிக்கும் இடத்தையும் ‘குலீனா’ என்றே சொன்னார்கள்.

இங்கிலாந்துக்குள் இந்தச் சொல் இரண்டு தடவை நுழைந்தது. முதலில் வாய்வழியாக. பழைய ஆங்கிலக் காலத்திலேயே தேய்ந்து, உருமாறி, ‘கில்ன்’ ஆனது. நம் பேச்சில் சூளை. செங்கல், சுண்ணாம்பு, மட்பாண்டம் எல்லாம் அதில் வெந்தன, பீருக்கான தானியம் உலர்ந்தது. சாப்பாடு மட்டும் வேகவில்லை. சூளையில் வேலை பார்த்தவர்கள் கடைசி ‘ன்’னையும் விழுங்கி ‘கில்’ என்றார்கள். ‘மில்’ என்ற சொல்லிலும் இப்படி ஒரு ‘ன்’ இருந்தது. எழுத்திலிருந்தே அது போய்விட்டது.

இரண்டாம் வருகை 1630களில், லத்தீன் கற்றவர்களின் பேனா வழியாக. ஏட்டிலிருந்து எடுத்ததால் ‘கலினரி’ அதிகம் தேயவில்லை. எனக்கென்னவோ ‘கில்ன்’ மேல்தான் மதிப்பு. உழைத்துத் தேய்ந்த சொல் அது.

குலீனாவுக்கும் மூலம், சமைப்பதைக் குறிக்கும் ‘கொக்வெரே’ என்பது மொழியியலார் கருத்து. ‘கிச்சன்’, ‘குக்’ இரண்டும் அந்த வழிதான். அதன் ஆதி வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் ‘பக்வ’ பிறந்தது; அதைத்தான் நாம் பக்குவம் என்கிறோம்.

‘கலினரி’யின் இன்றைய மதிப்பில் ஒரு கல்லூரிக்கும் பங்குண்டு. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் சமையல் தொழில் கற்றுக்கொடுக்க 1946இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் தொடங்கிய பள்ளி, பிறகு ‘கலினரி இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் அது இடம்பெயர்ந்தது நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கிலுள்ள பழைய ஏசு சபைக் குருமடத்துக்கு. அங்கே குருமாணவர்கள் தங்கிப் படித்த கட்டடத்தில் இப்போது வெங்காயம் நறுக்கப் பழகுகிறார்கள்.