நெய்வேலிக்கே பாக்கி வச்சவங்க

வேலையை முடிச்சுக் கொடுத்துட்டு காசுக்கு நாயா அலையறது மொழிபெயர்ப்பு, டிசைன், லே-அவுட்னு வீட்டுல உக்காந்து தனியா தொழில் பண்ற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு மட்டும் எழுதி வச்ச தலையெழுத்துன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா? அப்போ எங்க ஊர்க் கதையைக் கேளுங்க. சுரங்கம், அனல்மின் நிலையம், வட்டம் வட்டமா குவார்ட்டர்ஸ், வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சின்னு வெளியில இருந்து பார்த்தா செழிப்பாத் தெரியற இந்த நெய்வேலியே, வித்த சரக்குக்குக் காசு வராம வருஷக்கணக்குல காத்துக்கிட்டு இருந்த ஊருதான்.

மொதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணத்துத் தண்ணியோட கறுப்பா ஏதோ வந்த கதை இந்தப் பக்கம் எல்லாருக்கும் மனப்பாடம், அதனால தாண்டிடறேன். கம்பெனி பதிவானது 1956 நவம்பர் 14. சுரங்க வேலையை நேரு தொடங்கி வச்சது 1957 மே 20. பழுப்பு நிலக்கரி கண்ணுல பட்டது 1961 ஆகஸ்ட்ல. மறு வருஷமே, 1962-ல, சோவியத் உதவியோட முதல் அனல்மின் நிலையத்தோட முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சிடுச்சு. 1970-ல 600 மெகாவாட்.

இந்த 600 மெகாவாட்டையும் வாங்கினது யாரு? ஒரே ஒரு ஆளு. மின்சார வாரியம்.

இங்கதான் விஷயம் இருக்கு. ஒரே ஒரு கிளையண்ட்டை நம்பிக் கடை போட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். பிடிக்கலேன்னா வேற ஆளைத் தேடிக்கலாம்ல, அப்படீன்னு கேப்பீங்க. பழுப்பு நிலக்கரியோட குணம் அதுக்கு விடாது. அதுல கிட்டத்தட்ட பாதி எடை தண்ணி. லாரியில ஏத்தி தூரமா அனுப்பினா தண்ணிக்குத்தான் வாடகை கொடுத்த மாதிரி. குவிச்சு வச்சு நல்ல விலை வரும்போது விக்கலாம்னா, வெயில்ல தானாவே பத்திக்கும். ஆக சுரங்கத்து வாசல்லயே எரிச்சு, மின்சாரமாக்கி, கம்பியில விட்டே ஆகணும். மின்சாரத்தையும் சேத்து வைக்க முடியாது. கம்பி எங்க போகுதோ அவங்கதான் கஸ்டமர்.

சரி, காசு வர்ற வரைக்கும் வேலையை நிறுத்தி வைப்போம்னா? அதுவும் கஷ்டம். நிலக்கரிப் படுகைக்கு அடியில ஊத்துத்தண்ணி பயங்கர அழுத்தத்தோட நிக்குது. ராத்திரி பகலா பம்ப் பண்ணி அந்த அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா தரையைப் பொத்துக்கிட்டு சுரங்கத்துக்குள்ள தண்ணி வந்துடும். பில்லுக்குக் காசு வந்தாலும் வரலேன்னாலும் மோட்டார் ஓடித்தான் ஆகணும். "பணம் வந்தாத்தான் அடுத்த ஃபைல் தருவேன்"னு நாம சொல்ற டயலாக்கை இவங்க அவ்ளோ சுலபமா சொல்ல முடியாது.

அடுத்து வந்த ரெண்டாவது அனல்மின் நிலையம் 1470 மெகாவாட். இது தமிழ்நாட்டோட கேரளா, கர்நாடகா, ஆந்திரா, புதுச்சேரிக்கும் பங்கு போச்சு. கஸ்டமர் எண்ணிக்கை கூடுச்சு, ஆனா எல்லாருமே மின்வாரியம், இல்லேன்னா அரசு மின்துறை. அஞ்சு கிளையண்ட் இருந்து அஞ்சு பேரும் ஒரே மாதிரி "அடுத்த மாசம் பாக்கலாம்"னா எப்படி இருக்கும்? அப்படி.

வாரியத்தையே திட்டிக்கிட்டு இருந்தா நியாயம் இல்ல. அவங்களுக்கும் ஒரு கிளையண்ட் தொல்லை உண்டு. தமிழ்நாட்டுல 1984-ல சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்குல எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமாச்சு. அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், எங்க தாத்தா வீட்டு நெல்லே அந்த மோட்டார்ல வெளைஞ்சதுதான். ஆனா இலவசம்னு யாரோ அறிவிச்சா, அந்தக் காசை யாரோ வாரியத்துக்கு முழுசா, நேரத்துக்குக் கொடுக்கணும்ல? கட்டணமும் 2003-க்கு அப்புறம் 2010-லதான் ஏறுச்சு. ஏழு வருஷம் விலையே ஏத்தாம கடை நடத்தினா கல்லாவுல என்ன இருக்கும்? மேல இருக்கறவன் தரல, அதனால நானும் கீழ இருக்கறவனுக்குத் தரலங்கற சங்கிலி. இந்தச் சங்கிலியோட கடைசிக் கண்ணியில யாரு இருப்பான்னு அப்புறம் சொல்றேன்.

இது தமிழ்நாட்டு நோய் மட்டும் இல்ல. 2001 வாக்குல இந்தியா முழுக்க மின்வாரியங்கள் மத்திய அரசு நிறுவனங்களுக்கு வச்சிருந்த பாக்கி, தாமதக் கட்டணத்தையும் சேத்து சுமார் 41,000 கோடி ரூபாய். என்.டி.பி.சி., நிலக்கரி கம்பெனிகள், ரயில்வே, நெய்வேலி எல்லாருக்கும் சேத்துதான். மாண்டேக் சிங் அலுவாலியா தலைமையில ஒரு குழு போட்டாங்க. அந்தக் குழு சொன்ன வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

2001 செப்டம்பர் 30 வரைக்கும் உள்ள பாக்கியை அப்படியே உறைய வச்சாங்க. அதுல தாமதக் கட்டணம், வட்டின்னு ஏறியிருந்த தொகையில 60 சதவீதம் தள்ளுபடி. மிச்சம் 40 சதவீதத்தையும் அசலையும் சேத்து மாநில அரசு 15 வருஷப் பத்திரமாக் கொடுக்கணும். 8.5 சதவீத வட்டி, வரி கிடையாது. மொத அஞ்சு வருஷம் அசல் தர வேண்டாம், அதுக்கப்புறம் பத்து வருஷத்துல அரையாண்டு அரையாண்டா அடைக்கணும். அதாவது 2001-ல கொடுக்க வேண்டிய காசோட கடைசித் தவணை 2016-ல!

உஸ்ஸ்... இது ஒரு தீர்வான்னு கேக்கத் தோணுதில்ல? எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. முக்கால்வாசி வட்டியை விட்டுக் கொடுக்காத குறையா விட்டுக் கொடுத்துட்டு, பதினஞ்சு வருஷம் காத்திருக்கறதா? ஆனா பதிலுக்கு வாங்கினது என்னன்னு பாத்தா கெட்டிக்காரத்தனம் தெரியும். இனிமே வர்ற பில்லுக்கு, மாசச் சராசரி பில்லுல 105 சதவீதத்துக்கு வங்கியில கடன் உறுதிக் கடிதம், அதான் எல்.சி., திறந்து வச்சுடணும். அப்பவும் 60 நாளுக்குள்ள காசு வரலேன்னா மின்சாரத்தைக் குறைக்கலாம். அதுக்கும் மசியலேன்னா, மாநில அரசோட கணக்குல இருந்து ரிசர்வ் வங்கியே காசை எடுத்துக் கொடுத்துடும். இதுக்காக மாநிலம், மத்திய அரசு, ரிசர்வ் வங்கி மூணு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. பழசுல விட்டுக் கொடு, புதுசுல கழுத்தைப் பிடி. இதுதான் கணக்கு. நமக்காகக் கழுத்தைப் பிடிக்க ரிசர்வ் வங்கி வராது, அது ஒண்ணுதான் குறை :-)

கூடவே அப்போ ஒரு இனிப்பும் இருந்துச்சு. எல்.சி. மூலமா உடனே காசு கொடுத்தா பில்லுல 2 சதவீதம் தள்ளுபடி. லேட்டானா மாசம் ஒண்ணேகால், ஒண்ணரை சதவீதம்னு தாமதக் கட்டணம். மந்தாரக்குப்பத்துல வட்டிக்கு விடறவங்க கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாங்க, ஆனா கோடிக்கணக்குல வரும்போது அது பெரிய காசு.

நோய் குணமாச்சான்னா, ஆகல. கொஞ்ச காலம் ஒழுங்கா ஓடுச்சு, மறுபடி பழைய குருடி. 2010-ல தமிழ்நாடு வாரியத்தைப் பிரிச்சு டான்ஜெட்கோ வந்தது. 2018-ல யார் யாருக்கு எவ்ளோ பாக்கின்னு எல்லாரும் பாக்கற மாதிரி 'பிராப்தி'ன்னு ஒரு இணையதளம் போட்டாங்க. (பேரு வச்சவருக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி. பிராப்தம் இருந்தா வரும்!) 2019 ஆகஸ்ட் 1-லேர்ந்து எல்.சி. இல்லேன்னா மின்சாரமே ஒதுக்கக் கூடாதுன்னு உத்தரவு. அடுத்த வருஷம் கொரோனா, எல்லாக் கணக்கும் குளறுபடி. 2022 ஜூன்ல நாடு முழுக்க விநியோக நிறுவனங்களோட பாக்கி சுமார் 1.4 லட்சம் கோடி. அப்போ வந்த புது விதியில பழைய பாக்கியை 48 மாசத் தவணை வரைக்கும் பிரிச்சுக் கட்டலாம்னாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல, பாக்கி வச்ச 13 மாநிலங்கள் மின்சந்தையில வாங்கவோ விக்கவோ கூடாதுன்னு கதவைச் சாத்தினாங்க. அந்தப் பட்டியல்ல தமிழ்நாடும் இருந்துச்சு. 2001-க்கும் 2022-க்கும் நடுவுல இருபது வருஷம், மருந்து மட்டும் அதே மருந்து: பழசுக்குத் தவணை, புதுசுக்கு முன்ஜாமீன், மீறினா கதவடைப்பு.

இன்னொண்ணும் சொல்லணும், இல்லேன்னா ஒருதலைப்பட்சமா இருக்கும். நெய்வேலி எப்பவும் கை நீட்டிக்கிட்டு நிக்கற பக்கத்துலயே இருந்தது இல்ல. நிலம் கொடுத்த கிராமத்துக்காரங்களைக் கேட்டா இந்த ஊரே அவங்களுக்குப் பாக்கி வச்ச ஆளுதான்னு சொல்லுவாங்க. 2023 ஜூலையில வளையமாதேவியில நின்ன பயிர் மேல இயந்திரத்தை விட்டப்போ, நிலத்துக்கு எப்பவோ காசு கொடுத்தாச்சுன்னாங்க இவங்க, கொடுத்தது போதாதுன்னாங்க அவங்க. கடைசியில பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கணும்னு உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியதாச்சு. பில் யாரு போட்டாங்க, யாரு கட்டணுங்கறது நாம நிக்கற இடத்தைப் பொறுத்தது.

இப்போ அந்தக் கடைசிக் கண்ணி. ஒப்பந்தக்காரருக்கு பில் பாஸாகலேன்னா அவரு கூலியாளுக்குச் சம்பளம் போட மாட்டாரு. 1970-ல வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதுக்கு ஒரு வழி வச்சிருந்துச்சு. ஒப்பந்தக்காரர் கூலி தரலேன்னா வேலை வாங்கின முதன்மை நிறுவனமே கொடுத்துட்டு, அப்புறம் அவர்கிட்ட பிடிச்சுக்கணும். எனக்குத் தெரிஞ்சு சங்கிலியை நடுவுல வெட்டின நல்ல சட்டங்கள்ல அது ஒண்ணு.

சின்னத் தொழில்காரங்களுக்கு 1993-ல தாமத வட்டிச் சட்டம் ஒண்ணு வந்துச்சு. ஆனா அது சிறுதொழில் யூனிட்டுகளுக்கு. நம்ம மாதிரி சேவை தர்ற ஆளுங்க உள்ள வந்தது 2006 அக்டோபர் 2-ல அமலான குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்துலதான். நம்மாளுங்க நெறைய பேருக்கு இது தெரியல, அதனால விவரமா சொல்றேன். எழுத்துல ஒப்பந்தம் இல்லேன்னா வேலையை ஏத்துக்கிட்டதுலேர்ந்து 15 நாள், இருந்தா அதிகபட்சம் 45 நாள். அதுக்குள்ள காசு வரணும். தாண்டினா ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. விகிதம் 6 சதவீதம்னு வச்சுக்கிட்டா 18. வேலையைக் கொடுத்த 15 நாளுக்குள்ள எழுத்துல குறை சொல்லலேன்னா ஏத்துக்கிட்டதாவே கணக்கு. மூணு மாசம் கழிச்சு "கரெக்‌ஷன் இருக்கு சார்"னு ஆரம்பிக்கறவங்களுக்கு இந்த ஒரு வரி போதும். தகராறுன்னா மாநிலத்துல வசூல் உதவிக் குழு இருக்கு. குழு தீர்ப்பை எதிர்த்து அவங்க கோர்ட்டுக்குப் போகணும்னா தொகையில 75 சதவீதத்தைக் கட்டிட்டுத்தான் உள்ளயே நுழைய முடியும்.

ஒரே நிபந்தனை, 'உத்யம்' பதிவு இருக்கணும். அதுவும் வேலையை ஒத்துக்கறதுக்கு முன்னாடியே. காசு வரலேன்னதும் ஓடிப்போய் பதிவு பண்ணா செல்லாதுன்னு 2021-ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. கூடவே இன்னொரு ஆயுதமும் வந்திருக்கு. 2023-24 கணக்கு வருஷத்துலேர்ந்து, குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள்ள கொடுக்காத காசை, கொடுக்கற வருஷம் வரைக்கும் செலவுக் கணக்குல காட்டி வருமான வரியைக் குறைக்க முடியாது. முதலாளி காதுல விழாதது ஆடிட்டர் காதுல விழும்.

எனக்கே நடந்துச்சு. ஒரு ஆண்டு மலர், 64 பக்கம், லே-அவுட் மொத்தமும் நான். பேரு ஊரு வேண்டாம். நாலு மாசமா "செக் கையெழுத்துக்குப் போயிருக்கு தம்பி". எங்க போச்சு, எந்த பஸ்ல போச்சுன்னே தெரியல. உத்யம் எண்ணு, பில் தேதி, வட்டிக் கணக்கு மூணையும் ஒரே பக்கத்துல டைப் அடிச்சு பதிவுத் தபால்ல விட்டேன். ஒன்பதாவது நாள் அசல் வந்துடுச்சு. வட்டி வரல, நானும் கேக்கல. அலுவாலியா கமிட்டியே 60 சதவீதம் விட்டுச்சே, நான் நூறா விட்டேன், அவ்ளோதான். ஆனா அடுத்த மலருக்குக் கூப்பிட்டப்போ பாதி அட்வான்ஸ் கைக்கு வந்தப்புறம்தான் கம்ப்யூட்டரையே ஆன் பண்ணேன்.

டிஸ்கி: மொத்த மின்சாரத்தையும் ஒரே கஸ்டமருக்குக் கொடுத்த அந்த முதல் அனல்மின் நிலையம் 58 வருஷம் ஓடிட்டு 2020 செப்டம்பர் 30-ஆம் தேதியோட நின்னுடுச்சு. அதைப் பத்தித் தனிப் பதிவே போடலாம், எங்கப்பா ஷிப்ட் கதைகளோட. உங்க யாருக்காவது வசூல் உதவிக் குழு வரைக்கும் போன அனுபவம் இருந்தா, எத்தனை மாசம் இழுத்துச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. சட்டத்துல 90 நாள்னு போட்டிருக்கு.