பச்சை உடம்பும் கருத்தடையும்: முடிவு யாருடையது?



நம்ம பீர்க்கன்கரணையில் குழுக் கூட்டம் என்றால் சேமிப்பு, கடன் எல்லாம் சத்தமாகப் பேசுவோம். பிரசவத்துக்குப் பிறகு என்ன கருத்தடை என்பதை மட்டும் காதோடு காதாகத்தான் கேட்போம். அதற்கும் ஒரு வரலாறு இருக்கு.

நாட்டு நலனுக்காகக் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் பேசிய 1930களிலேயே, அது பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்று பெரியார் எழுதினார். 1952ல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1950களின் கடைசியில் சென்னை ராஜ்ஜியத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட ஏழைகளுக்கு 30 ரூபாய் கொடுத்தார்கள். அன்றைக்கு ஆண்களும் நிறையவே செய்துகொண்டார்கள்! 1965ல் லூப் வந்தது. ரத்தப்போக்கு வந்த பெண்களைத் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு போதவில்லை, பயம் பரவியது.

1975-77 நெருக்கடி நிலையில், முக்கியமாக வட மாநிலங்களில், ஆண்களுக்குக் கட்டாய ஆபரேஷன் நடந்தது. அந்தக் கோபத்துக்குப் பிறகு அரசு ஆண்களை விட்டுவிட்டது. சுமை முழுக்க நம்ம பக்கம் வந்தது. இத்தனை பேர் என்று இலக்கு வைத்து ஆள் பிடிக்கும் முறை 1996ல்தான் கைவிடப்பட்டது. ஆனாலும் 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்தவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஆபரேஷன் தப்பில்லை. வேறு வழி தெரியாமல், வலியோடு படுத்திருக்கும்போது முடிவு செய்வதுதான் தப்பு. குரோம்பேட்டையோ எழும்பூரோ, பிரசவத்துக்கு எங்கே போனாலும் செக்கப் நாளிலேயே கேளுங்க. காப்பர் டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். பால் கொடுக்கும் தாய் ஆறு வாரம் கழித்து மூன்று மாத ஊசியான அந்தரா போடலாம். சாயா மாத்திரையும் இருக்கு. ஆணுறை இருக்கு, ஆண்களுக்கான ஆபரேஷனும் இருக்கு.

“பால் கொடுக்கிறேன், கரு தங்காது” என்று சொல்லுவாங்க. தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாதவரைதான் அதை நம்பலாம்.

இன்னொன்று: கருத்தடை ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்து கட்டாயமில்லை என்பது அரசு விதி. வீட்டில் கலந்து பேசுங்க, நல்லதுதான். ஆனால் உடம்பு நம்முடையது. சம்மதமும் நம்முடையதாக இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும், கர்ப்பமாக இருக்கும் தங்கைகளிடம் இதைச் சத்தமாகவே பேசுவோம்.