சாரணர் கதை - உறுதிமொழி யாருக்கு?

சாரணர்னு சொன்னா நம்மூர்ல பாதிப் பேருக்கு ஞாபகம் வர்றது ரெண்டே விஷயம். கழுத்துல கட்டுற ஸ்கார்ஃப், அப்புறம் சுதந்திர தின அணிவகுப்பு. சில பேரு என்.சி.சி.யோட போட்டுக் குழப்பிக்குவாங்க. என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ வர்றது, துப்பாக்கிப் பயிற்சியெல்லாம் உண்டு. சாரணர் கையில இருக்கிறது கயிறும் தடியும்தான். ஆனா ஆரம்பிச்சவரு என்னவோ அசல் ராணுவக்காரர்.

ராபர்ட் பேடன் பவல். 1876ல் லக்னோவுக்கு வந்து குதிரைப்படையில சேர்ந்தவர். 1899-1900ல் தென்னாப்பிரிக்காவில் மேஃபெகிங்ங்கிற ஊரை முற்றுகை போட்டப்ப 217 நாள் உள்ளே தாக்குப்பிடிச்சு இங்கிலாந்துல பெரிய ஹீரோ ஆயிட்டார். அந்த முற்றுகையில சின்னப் பசங்க கடிதம் கொண்டு போறது, காவல் நிக்கிறதுன்னு வேலை செஞ்சாங்க. பிற்பாடு 1907 ஆகஸ்ட்ல பிரவுன்சீ தீவுல சுமார் 20 பசங்களை வெச்சு ஒரு முகாம் போட்டார். அதுல பெரிய வீட்டுப் பசங்களும் இருந்தாங்க, சாதாரணக் குடும்பத்துப் பசங்களும் இருந்தாங்க. வேணும்னேதான் கலந்தார். அடுத்த வருஷம் புத்தகம் வந்தது, இயக்கம் காட்டுத்தீ மாதிரி பரவிருச்சு.

இந்தியாவுக்கு வர்றதுக்கு ரொம்ப நாள் ஆகலை. 1909லேயே பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியில் கேப்டன் பேக்கர்ங்கிறவர் ஆரம்பிச்சுட்டார். ஆனா சேர்க்கை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பசங்களுக்கு மட்டும்! இங்கிலாந்துல வர்க்கத்தை உடைச்சுக் கலந்த அதே இயக்கம், இங்கே வந்ததும் தோலைப் பார்த்துக் கதவை மூடிடுச்சு. காரணமும் இருக்கு. தடம் பார்க்கிறது, வரைபடம் போடுறது, சைகையில சேதி அனுப்புறது... இதையெல்லாம் இந்தியப் பையனுக்குச் சொல்லிக் குடுத்தா நாளைக்கு அவன் யாரை வேவு பார்ப்பான்? வெள்ளைக்கார அதிகாரிகளோட பயம் அதுதான். பயந்ததுல தப்பில்லைன்னுதான் நான் சொல்லுவேன் :-)

சேர்த்துக்க மாட்டியா, சரி, நாங்களே ஆரம்பிச்சுக்கறோம்னு கிளம்பினாங்க. 1913ல் மத்திய மாகாணத்துல விவியன் போஸ் (பின்னாடி உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர்) இந்தியப் பசங்களை வெச்சு ஆரம்பிச்சார். 1916ல் சென்னையில அன்னி பெசன்ட் அம்மாவும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியப் பசங்களுக்கான சாரணர் சங்கத்தைத் தொடங்கினாங்க. தொப்பிக்குப் பதிலா தலைப்பாகை, இங்கிலீஷ் பாட்டுக்குப் பதிலா நம்ம பாட்டு. கிட்டத்தட்ட அதே காலத்துல அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் மூணு பேரும் சேவா சமிதி சாரணர் சங்கத்தைக் கொண்டு வந்தாங்க. கும்பமேளாவுல கூட்டத்தை ஒழுங்கு பண்றது, நோயாளிகளைப் பார்த்துக்கறதுன்னு வேலை செஞ்சு பேர் வாங்கின கூட்டம் அது.

இதுல ஒரு சுவாரசியம் பாருங்க. 1917 ஜூன்ல அரசாங்கம் ஹோம் ரூல் கிளர்ச்சிக்காகப் பெசன்டையும் அருண்டேலையும் பி.பி.வாடியாவையும் ஊட்டியில காவல்ல வெச்சுது. அந்தம்மா அங்கேயும் சும்மா இருக்கலை, பச்சை சிவப்புக் கொடியை ஏத்திட்டாங்க. அப்புறம் மூணு பேரையும் கோயமுத்தூருக்குக் கொண்டு வந்தாங்க. திருப்பூர் அப்ப கோயமுத்தூர் ஜில்லாவுலதான் இருந்தது, தனி மாவட்டம் ஆனது 2009ல். ஆக இந்தியப் பசங்களுக்குச் சென்னையில சாரணர் சங்கம் தொடங்கின ரெண்டு பேர் அடுத்த வருஷமே நம்ம ஜில்லாவுல கைதிங்க!

1921ல் பேடன் பவல் இந்தியா வந்தார். பிரிஞ்சு கிடக்கிற சங்கங்களை ஒண்ணாக்கணும்னு பேச்சு. பெசன்ட் சங்கம் இணைஞ்சிடுச்சு. சேவா சமிதி இணையலை. எதுக்குன்னா, உறுதிமொழியில இருந்த ஒரே ஒரு வார்த்தைக்காக. கடவுளுக்கும் ராஜாவுக்கும் என் கடமையைச் செய்வேன்னு மூணு விரலை உசத்திச் சொல்லணும். ராஜாவுக்கா? நாட்டுக்குன்னு மாத்து, வர்றோம்னாங்க. மாத்தலை, அவங்களும் போகலை.

ஒரு வார்த்தைக்கு இத்தனை பிடிவாதமான்னு தோணலாம். நம்ம ஊர்லயே பதில் இருக்கு. அந்தக் காலத்து திருப்பூர் பனியனுக்குப் பேர் போனதை விட கதருக்குப் பேர் போனது. அகில பாரத சர்க்கா சங்கத்தோட தமிழ்நாட்டுக் கிளை இங்கேதான் இருந்தது. 1932 ஜனவரி 10, பி.எஸ்.சுந்தரம் தலைமையில ஊர்வலம். தடியடி. சென்னிமலையில பிறந்து இங்கே மில்லுல வேலை பார்த்த குமாரசாமி கையில இருந்த கொடியை விடாம விழுந்தார், மறுநாள் உயிர் போச்சு. 27 வயசு. நமக்கெல்லாம் அவர் கொடி காத்த குமரன். ஆனா அவர் தேசபந்து வாலிபர் சங்கத்தைச் சேர்ந்தவர்ங்கிறது நிறையப் பேருக்குத் தெரியாது. அதே வருஷம், அதே மாகாணத்துல, காக்கி போட்ட சாரணப் பசங்க ராஜாவுக்கு விசுவாசம்னு சொல்லிக்கிட்டு யூனியன் ஜாக்குக்கு சல்யூட் அடிச்சிட்டிருந்தாங்க. அந்தப் பசங்களைக் குறை சொல்லலை. சொல்லிக் குடுத்ததைச் சொன்னாங்க. ஆனா மாளவியா கூட்டம் எதுக்கு வாசல்லயே நின்னுடுச்சுன்னு இங்கே குமரன் நினைவகத்துப் பக்கம் போறப்ப எனக்கு நல்லாவே விளங்குது.

1937ல் டெல்லியில் முதல் அகில இந்திய ஜாம்பூரி. பேடன் பவலும் வந்திருந்தார். அந்த சமயத்துல அவர் இந்தியர்களோட குணத்தைப் பத்தி மட்டமா சொன்ன பேச்சு வெளியே வந்து பெரிய ரகளை. நிறையப் பேர் வெளியேறினாங்க, 1938ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாச்சு. மனுசன் ஒரு வாய் வார்த்தையில, பதினாறு வருஷமா ஒட்ட வெச்சதைத் தானே பிச்சு விட்டுட்டார்.

சுதந்திரத்துக்கு அப்புறம் நேரு, ஆசாத் முயற்சியில 1950 நவம்பர் 7 அன்னிக்கு எல்லாம் சேர்ந்து பாரத சாரணர் சாரணியர் இயக்கம் ஆச்சு. பெண்கள் அமைப்பு 1951 ஆகஸ்ட் 15ல் வந்து சேர்ந்தது. உறுதிமொழியில ராஜா போய் நாடு வந்தது. கடவுள்னு சொல்ல விருப்பமில்லைன்னா தர்மம்னு சொல்லிக்கலாம்னும் வெச்சாங்க. நல்ல ஏற்பாடு, நம்ம ஈரோட்டுப் பக்கத்துக்காரங்களுக்குத் தோதானது. (ஹிந்துஸ்தான் பேர்ல ஒரு தனி அமைப்பு இன்னிக்கும் இருக்குங்கிறது வேற கதை.)

சரி, இதுல சேர்ந்து என்னதான் பண்றாங்க? சின்னவங்க குருளையர், நீலப்பறவையர். நடுவுல சாரணர், சாரணியர். பெரியவங்க திரிசாரணர், திரிசாரணியர். ஆறிலிருந்து எட்டுப் பேர் ஒரு அணி, அதுக்கு ஒரு தலைவன். முதலுதவி, கூடாரம், தடம் பார்த்தல், அப்புறம் முடிச்சு... முடிச்சு, முடிச்சு. நாலு படி தாண்டினா ஆளுநர் விருது, அதுக்கு மேல ஜனாதிபதி விருது.

அந்த முடிச்சுல ஷீட் பெண்ட்னு ஒண்ணு. கனமான கயித்தையும் மெலிசான கயித்தையும் இணைக்கறது. எனக்கு சாரண ஆசிரியர் கரும்பலகையில படம் போட்டு விளக்கினப்ப பின்னாடி பெஞ்சுக்காரன் சிரிச்சான். "ஏனுங் சார், இது தறி முடிச்சுங்க." நிஜம்தான், ரெண்டும் ஒரே முடிச்சு. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறியில இழை அறுந்தா கண் மூடித் திறக்கறதுக்குள்ள போடுவாங்க. எங்க வகுப்புல அன்னிக்கு அதை சரியா போட்டவங்க எல்லாம் தறிக்காரங்க வீட்டுப் பசங்க.

ஆனா அவங்கள்ல கடைசி வரைக்கும் சாரணரா இருந்தவங்க கம்மி. வகுப்பு சனிக்கிழமை. திருப்பூர்ல சனிக்கிழமைன்னா சம்பள நாள், கம்பெனியில வேலை நெரிக்கும். பசங்க கைமடிக்கப் போயிருவாங்க. அண்ணன் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவான், தம்பி அவன் பக்கத்துல உக்காந்து துணியை மடிச்சுக் குடுப்பான். 1986லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தாச்சு, ஊருக்குள்ள வந்து சேர ரொம்ப வருஷம் பிடிச்சது. யூனிபார்ம், ஷூ, ஸ்கார்ஃப், முகாம் காசுன்னு கணக்குப் போட்டா எங்க பள்ளிக்கூடத்துல ஆளுநர் விருது வரைக்கும் போனது கடைக்காரர், வாத்தியார் வீட்டுப் பசங்கதான். முதல்ல தோலைப் பார்த்தாங்க, அப்புறம் ராஜாவைக் கேட்டாங்க. எங்க காலத்துல யாரும் ஒண்ணும் கேட்கலை, சனிக்கிழமை காலியா இருந்தா போதும். அந்த சனிக்கிழமைதான் இல்லை.

2025 ஜனவரி 28ல் இருந்து பிப்ரவரி 3 வரைக்கும் மணப்பாறை சிப்காட்ல வைரவிழா ஜாம்பூரி நடந்தது. நாடு பூராவும் இருந்து பசங்க, மைதானம் முழுக்கக் கூடாரம். இயக்கத்தோட இறைவணக்கப் பாட்டும் கொடிப் பாட்டும் இந்தியில இருக்கு. நாங்க அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் பண்ணிப் பாடினோம். இப்ப நம்மூர் அரசுப் பள்ளிகள்ல பீகார், ஒடிசாவுல இருந்து பனியன் வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க படிக்கிறாங்க. அந்தப் பாட்டுக்கு நம்ம பசங்களுக்கு அர்த்தம் சொல்ல பீகார்ப் பையன் பெஞ்சுலயே இருக்கான். சனிக்கிழமை அவனையும் கூப்பிடுங்க வாத்தியாரே.