மூடி ஏன் பொருந்தல? ஆழ்கடலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனா பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்களைப் பாக்கலாம். ஒரு டப்பா மூடியையே எடுத்துப்போம். பாலிப்ரொப்பிலீனைச் சுமார் 220 டிகிரில உருக்கி, பல நூறு பார் அழுத்தத்துல அச்சுக்குள்ள தள்ளணும். ஆறும்போது அது 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். அதனால அச்சை அந்த அளவுக்குப் பெருசா வெட்டணும். கணக்கு தப்பினா மூடி டப்பாவுல உக்காராது, அச்சுக்குப் போட்ட லட்சங்கள் போச்சு.

இந்தக் கணக்கோட ஆரம்பம் ஆழ்கடல்ல இருக்கு. 1872–76ல உலகம் சுத்தின பிரிட்டனோட சாலஞ்சர் கப்பல், கடலுக்குள்ள தெர்மாமீட்டர்களை இறக்கிச்சு. தண்ணியோட அழுத்தத்துல அதுங்க தப்பா காட்டுதான்னு சோதிக்கிற வேலை, எடின்பரோ பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட்கிட்ட வந்துச்சு. அவர் அதோட நிக்கல. அழுத்தினா தண்ணி எவ்வளவு சுருங்கும்னு அளந்து ஒரு சமன்பாடும் எழுதினார். அதைத் திருத்தின வடிவத்துக்கு இன்னிக்கும் அவர் பேருதான்.

ஆனா பிளாஸ்டிக் தண்ணி மாதிரி இல்ல. உருளைக்குள்ள போட்டு, சிரிஞ்ச் மாதிரி பிஸ்டனால அழுத்தலாம். உருகி இருக்கிற வரைக்கும் ஓகே. இறுகிட்டா சுவரைப் பிடிச்சுக்கும், அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமா போகாது.

1976ல பால் சோலர் குழு வெளியிட்ட கருவி இதுக்கு வேற வழி காட்டிச்சு. சின்னக் கலத்துல பிளாஸ்டிக், அதைச் சுத்திப் பாதரசம், ஒரு முனையில மடிப்பு மடிப்பா உலோகத் துருத்தி. பாதரசம் திரவம், அதனால பிளாஸ்டிக் இறுகினாலும் எல்லாப் பக்கமும் ஒரே அமுக்குதான். துருத்தி நகர்ந்த தூரத்துலேருந்து மொத்தக் கன அளவு மாற்றம் தெரியும். அதுல பாதரசத்தோட பங்கைக் கழிச்சா மிச்சம் பிளாஸ்டிக்கோடது. 350 டிகிரி வரைக்கும் அளக்கலாம். பாதரச ஆவி விஷம்ங்கிறதுதான் தலைவலி.

அந்த அளவீடுகள் இன்னிக்கு மோல்டிங் சிமுலேஷன் சாஃப்ட்வேருக்குள்ள, ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் 13 எண்களா உக்காந்திருக்கு. கூடவே எல்லாத்துக்கும் பொதுவா ஒரு மாறிலி: 0.0894. இப்படி ஒரு மேஜிக் நம்பரை யாராவது கோட்ல எழுதினா ரிவ்யூல நானே திருப்பி அனுப்பியிருப்பேன்! இது 1958ல ஹைட்ரோகார்பன் திரவங்களை அளந்தப்போ கிடைச்சது. பிளாஸ்டிக்குக்கும் ஒத்துவந்ததால அப்படியே தங்கிடுச்சு.

இன்னொரு சிக்கல். லேப்ல நிமிஷத்துக்குச் சில டிகிரின்னு மெதுவா ஆற விடுவாங்க. அச்சுக்குள்ளயோ சில விநாடிதான். அதனாலதான் டூல் ரூம்ல இன்னமும் எஃகைக் கொஞ்சம் மிச்சம் விட்டே வெட்டுறாங்க. ட்ரையல் ஷாட் எடுத்து, வெர்னியர்ல மூடியை அளந்து பாத்துட்டுத்தான் கடைசி வெட்டு.