ஜியாங்யோங் பெண்களின் எழுத்து

சீனத்தின் ஹூனான் மாகாணத்தில், ஜியாங்யோங் வட்டாரத்துக் கிராமங்களில் பெண்களுக்கென்றே ஓர் எழுத்து வழங்கியது. பெயர் நூஷு. பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியாத பெண்கள், அதைப் பாட்டியிடமும் அத்தையிடமும் கற்றார்கள். ஆண்கள் எழுதிய சீன எழுத்து சொல்லைக் குறித்தது. மெலிந்து சாய்ந்து நிற்கும் இந்த எழுத்தோ உள்ளூர்ப் பேச்சின் அசைகளைக் குறித்தது.

மணமாகிப் போனவளுக்கு மூன்றாம் நாள் துணி அட்டையிட்ட புத்தகம் ஒன்று வந்து சேரும். உடன்பிறவாச் சகோதரிகளாக உறுதி பூண்ட தோழியர் பிரிவுத் துயரையும் வாழ்த்தையும் முதல் பக்கங்களில் பாட்டாக எழுதியிருப்பார்கள். மிச்சப் பக்கங்கள் அவளுக்கு. அவற்றின் இடையே தையல் நூலும் பூவேலை மாதிரிகளும் இருக்கும்.

இதை ரகசிய எழுத்து என்பது மிகை. பெண்கள் உரக்கப் பாடியதை ஆண்களும் கேட்டார்கள். கற்க முனையவில்லை, அவ்வளவுதான்.

உடையவள் இறந்தால் ஏடுகளை உடன் புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள். அதனால் பழைய பிரதிகள் அரிது. பெண்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வழக்கம் தேய்ந்தது. 1980களில்தான் ஆய்வாளர்கள் விரிவாகத் தேடினார்கள். மரபு வழியில் கற்றவர்களில் கடைசியானவராகக் கருதப்படும் யாங் ஹுவான்யி 2004இல் காலமானார். 2017இல் இவ்வெழுத்து யூனிகோடில் இடம்பெற்றது.