உவர் நீரும் ஓர் உதவி

கடற்கரையோரம் கிணறு தோண்டுகிறோம். ஊறும் நீர் உப்புக் கரித்தால், “உழைப்பெல்லாம் வீண்” என்று மூடிவிடுகிறோம். குடிக்கவும் ஆகாது, தோட்டத்துக்கும் ஆகாது என்று நாம் ஒதுக்கும் அந்த நீருக்கும் ஒரு பயன் உண்டு. அதற்கு அடிகோலிய ஆராய்ச்சி ஒன்று நமது பினாங்கில் நடந்தது. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

தெலுக் இந்தான் பக்கம், பேராக் ஆற்றில் பிடிபடும் பெரிய இறாலை நாம் அறிவோம். மலாய்க்காரர்கள் அதை ‘ஊடாங் காலா’ என்பார்கள். சுவை மிகுந்த இந்த இறாலைக் குளத்தில் வளர்க்கப் பலரும் விரும்பினர். ஆனால் குஞ்சுக்கு எங்கே போவது? முட்டைகள் பொரிந்தன, குஞ்சுகளோ நல்ல தண்ணீரில் சில நாட்களிலேயே மடிந்தன. ஆற்றில் வாழும் உயிர் ஆற்று நீரிலேயே சாவது ஏன்?

1961-ஆம் ஆண்டில், குளுகோரில் இருந்த கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கு விடை கிடைத்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவன நிபுணர் டாக்டர் ஷாவ் வென் லிங், குஞ்சுகள் பிழைக்க உப்புக் கலந்த நீர் வேண்டும் என்று கண்டறிந்தார். இயற்கையிலும் அப்படித்தானே நடக்கிறது! சினை இறால் முகத்துவாரத்தை நாடி இறங்குகிறது. குஞ்சுகள் அங்கே வளர்ந்த பிறகே ஆற்றில் ஏறுகின்றன. லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்பு இருந்தால் போதும். அது கடல் நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

1965-இல் மலேசியத் தாய் இறால்கள் ஹவாய்த் தீவுக்குச் சென்றன. அங்கே தக்குஜி ஃபூஜிமுரா குழுவினர், 1972-க்குள் குஞ்சுகளைப் பெருவாரியாக வளர்க்கும் முறையை வகுத்தனர். பிறகு பல நாடுகளில் இறால் பண்ணைகள் தோன்றின.

இங்கேதான் நமது உப்புக் கிணறு உதவுகிறது. கடல் நீரை நேரே இறைத்தால் சேறும் நோய்க்கிருமிகளும் கூடவே வரும். கரையோரக் கிணற்று நீரோ மணலில் வடிந்து தெளிவாக ஊறுகிறது. ஆனால் அதில் பிராணவாயு குறைவு; இரும்பும் கலந்திருக்கலாம். ஆகவே பரிசோதித்து, காற்றூட்டிய பின்பே தொட்டியில் விட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பயன்படுத்திய உப்பு நீரை வயலிலும் வாய்க்காலிலும் திறந்துவிட்டால், அண்டை வீட்டாரின் நல்ல கிணறும் கெடும். ஒருவர் பண்ணை செழிக்க, ஊரார் குடிநீரை இழக்கலாமா? உவர் நீரின் பயனை அறிந்த நாம், அதை அடக்கி ஆளவும் அறிந்திருக்க வேண்டும்.