நோன்பிலிருந்து விருந்துக்கு: ஜீவனஹள்ளியின் டிசம்பரும் உடல்நலத்தின் வரலாறும்

பெங்களூரு காக்ஸ் டவுனை ஒட்டியுள்ள ஜீவனஹள்ளியில் டிசம்பர் பிறந்ததும் வீட்டு வாசல்களில் நட்சத்திர விளக்குகள் ஏறிவிடுகின்றன. பேக்கரிகளில் பிளம் கேக், வீடுகளில் கல்கல், அச்சு முறுக்கு, அதிரசம் என்று புத்தாண்டு வரை தின்பண்டத்துக்குக் குறைவில்லை. பண்டிகைக் காலத்தில் உடலை எப்படிப் பேணுவது என்ற கேள்வி இன்று சர்க்கரை அளவையும் எடையையும் பற்றியதாகச் சுருங்கிவிட்டது. இதே வட்டாரத்தில் அக்கேள்வி முன்பு வேறு வடிவங்களில் கேட்கப்பட்டது.

‘ஹள்ளி’ என்றால் கன்னடத்தில் சிற்றூர். 1809-இல் நிறுவப்பட்ட கண்டோன்மெண்ட் கிழக்கே விரிந்தபோது இத்தகைய ஊர்கள் நகரத்துக்குள் அடங்கின. படையையும், 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த இருப்புப்பாதையையும் பின்பற்றித் தமிழர் பலர் இங்குக் குடியேறினர். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் கொண்டுவந்த கிறிஸ்துமஸ், வெறும் விருந்து நாளன்று. திருச்சபை மரபில் விருந்துக்கு முன் நோன்பு உண்டு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே தூர் நகர ஆயர் பெர்ப்பெத்துவுஸ், நவம்பர் 11-ஆம் நாள் வரும் புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பை விதித்தார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் டிசம்பர் முதல் நாளிலிருந்து காக்கும் இருபத்தைந்து நோன்பு அதே நெறியின் கீழைக் கிளை. இலத்தீன் மரபில் இது படிப்படியாகத் தளர்ந்தது. எனினும் 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளை நோன்பும் புலால் மறுப்பும் உரிய நாளாகவே வைத்திருந்தது. அன்று முழு உணவு ஒருவேளை மட்டுமே. மறைப்பணி நாடுகளில் விலக்குகள் தாராளமாக வழங்கப்பட்டன என்பதையும் சேர்த்தே இதைப் படிக்கவேண்டும்.

நோன்பின் நோக்கம் உடல்நலம் அன்று, ஆன்மாவின் ஆயத்தம். உடலை முன்னிறுத்திப் பண்டிகைக் காலத்தில் குறுக்கிட்டது அரசு. 1898 ஆகஸ்டில் ஹூப்ளியிலிருந்து வந்த இரயில்வே ஊழியர் ஒருவர் வழியாகப் பிளேக் பெங்களூரில் வெளிப்பட்டது. முந்திய ஆண்டு இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் வீடுகளைச் சோதிக்கவும், பயணிகளை இறக்கிப் பரிசோதிக்கவும், நோயாளிகளைப் பிரித்து வைக்கவும் அதிகாரிகளுக்கு இடந்தந்தது. அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் இந்த அச்சத்தின் நடுவே வந்தது. ஊரிலிருந்து உறவினர் வருவது, கூடி வழிபடுவது, வீடுவீடாகப் பலகாரம் கொண்டுசெல்வது ஆகிய பண்டிகையின் இயல்பான செயல்கள் அனைத்தும் ஐயத்துக்குரியனவாயின. சுண்ணாம்பு அடிப்பது மட்டும் விலக்கு: அது பண்டிகைக்கும் உரியது, பிளேக் அதிகாரிக்கும் உரியது!

இங்கு ஒரு முரணைக் கவனிக்கவேண்டும். அதே 1898 ஜூனில் கராச்சியில் பால்-லூயி சிமோன், எலியின் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்பதைச் சோதனையால் காட்டியிருந்தார். அதை ஏற்றவர் மிகச் சிலர். ஆகவே பெங்களூரின் தொடக்க நடவடிக்கைகள் அழுக்கையும் மனிதரையும் துரத்தின, எலியை அன்று. பண்டிகைக்கென்று சேர்த்துவைக்கப்படும் அரிசியும் வெல்லமும் எலியை ஈர்க்கக்கூடியவை. நோன்பும் சுண்ணாம்பும் அதைத் தடுத்திருக்க இயலாது. 1905 முதல் பம்பாயில் பணியாற்றிய பிளேக் ஆராய்ச்சிக் குழு சிமோனின் முடிவை உறுதிப்படுத்தியபின் பார்வை மாறியது. ஏறத்தாழ அதே காலத்தில், ஜீவனஹள்ளிக்கு அண்மையில், ரெசிடென்ட் ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயரில் எழுந்த ஃபிரேசர் டவுன் (இன்றைய புலிகேசிநகர்) நெரிசலற்ற, எலி புகாத வீடுகளைக் கொண்ட பிளேக் தடுப்புக் குடியிருப்பாகவே திட்டமிடப்பட்டது. உடல்நலத்தின் பொறுப்பு அடுக்களையிலிருந்து தெரு அமைப்புக்கு இடம்பெயர்ந்தது எனலாம். அந்த அகன்ற தெருக்களை வெறும் குடியேற்ற அழகியலாகக் காணும் ஆய்வுகள், அவற்றின் அடியிலுள்ள அச்சத்தைத் தவறவிடுகின்றன.

மூன்றாம் கட்டம் நம்முடையது. 1966-இல் ஆறாம் பவுலின் ஆணை கட்டாய நோன்பு நாள்களைச் சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் சுருக்கியது. பண்டிகைக்கு முந்திய நாள் விடுபட்டது. தெருவில் மார்கழியும் அதே வாரங்களில் வருவதால், ஒரு வீட்டில் வைகுண்ட ஏகாதசிப் பட்டினியும் அடுத்த வீட்டில் எண்ணெய்ச் சட்டியும் ஒருங்கே அமையக்கூடும். நோன்பு காலியாக விட்ட இடத்தை மருத்துவப் புள்ளிவிவரம் நிரப்பியிருக்கிறது. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், விடுமுறைக் காலத்தில் சராசரி எடை கூடியது 0.37 கிலோ மட்டுமே. ஆனால் அது பின்னர் குறையவில்லை. 1998 முதல் 2013 வரையிலான மாரடைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் மாரடைப்பு 37 விழுக்காடு மிகுவதாகக் கண்டது. முதியோரிடமும் நீரிழிவு உடையோரிடமும் இந்த மிகுதி கூடுதலாக இருந்தது. உணவு மட்டுமே காரணம் என்று அவ்வாய்வு கூறவில்லை. துயரம், மன அழுத்தம், பயணம் ஆகியனவும் பேசப்படுகின்றன. உச்சநேரம் இரவு பத்து மணி. பழைய சட்டத்தொகுப்பு முழு உணவை ஒருவேளைக்குக் கட்டுப்படுத்திய அதே நாளின் இரவு அது.